நவஹோ விரிப்பும் அத்தான் அடைத்த கோடும்

சென்ற ஒக்டோபரில் பிராங்பேர்ட்டிலிருந்து எர்லாங்கன் போனதற்கு ஒரே காரணம், என் அத்தானை ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதுதான்.

ஆறு வருடங்களுக்கு முன்னர் அரிசோனாவில், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்கள் நெய்த கம்பளி விரிப்பு ஒன்று வாங்கினேன். அதன் கறுப்புக் கரையை ஊடறுத்து, மேல் மூலையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வெளியே ஓடும். டார்ம்ஸ்டாட்டில் தையற்கடை வைத்திருக்கும் அத்தான் விருந்தினர் எல்லோருக்கும் முன்னால், "மச்சான், பிழையாய் நெய்ததைத் தந்து உன்னை நல்லாய்ப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்" என்றார். வேண்டுமென்றே விட்ட வழி அது என்று விற்ற பெண் சொன்னதைச் சொன்னேன். "விக்கிறவள் வேறென்ன சொல்லுவாள்?"

பிறகு நான் வெளியூர் போன கிழமை, அக்காவிடமிருந்த திறப்பால் வீட்டைத் திறந்து, உதவி என்று நினைத்து அந்தக் கோட்டைக் கறுப்பு நூலால் மூடித் தைத்துவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

எர்லாங்கனில் நவஹோ நெசவுக் கண்காட்சி என்று அறிந்ததும், அக்காவைப் பிடித்து அவரைக் கிளப்பினேன். வூர்ஸ்பூர்க், நூர்ன்பேர்க் இரண்டிலும் மாறினால், சாதாரண ரயிலில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு இருந்தால் மேலதிகச் செலவில்லை. ஆனால் பேசாதவரோடு போவதென்றால் விரைவு ரயிலுக்கே காசைக் கொடுங்கள். அனுமதி ஒன்பது யூரோ.

பக்கத்துப் புவெப்லோ மக்களிடம் நவஹோக்கள் நெசவைப் பழகினார்கள் என்கிறது வரலாறு. சிலந்திப் பெண் கற்பித்தாள் என்கிறது அவர்களுடைய கதை. ஆட்டைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். அமெரிக்க இராணுவம் நவஹோக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து துரத்தியது. திரும்பி வந்தபின் வணிகர்கள் கேட்டபடி, போர்வை தரைவிரிப்பானது. துரத்தப்படுவதை, ஊரை விட்டு ஓடிவந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. (அங்கே காணும் 'ஜெர்மன்டவுன்' கம்பளி நூல் ஜேர்மனியுடையதல்ல, பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஊரின் பெயர்.)

நான்காவது பெட்டியில் அதே கோடு. நாலு பக்கமும் கரை அடைத்தால் நெய்தவளின் எண்ணம் உள்ளே சிக்கிவிடும், அது வெளியேறவே சிலர் இப்படி வழி விடுகிறார்கள் என்றார் வழிகாட்டிப் பெண். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சில் பெட்டி மங்கும்வரை குனிந்து பார்த்தார்.

"ஓம். கை தவறினால் இவ்வளவு நேராய் வராது."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உன்ர வீட்டை ஊசி இருக்கோ?"

அன்று மாலையே வந்து விரிப்பின் முன்னால் முழங்காலில் இருந்தார். தன் தையல் அவருக்கே தெரியவில்லை, அவ்வளவு நுட்பம். நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வோர் இழையாய் உருவினார். வெள்ளைக் கோடு கரையைத் தாண்டி வெளியே வந்தது.

போகிறவர்கள் கிழமை நாளில் போங்கள், கூட்டமில்லை. விளக்கம் ஜேர்மன் மொழியில் மட்டும்தான். கையால் நெய்த எதையும் திருத்தக் கொடுக்குமுன், அது பிழைதானா என்று விசாரியுங்கள்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அத்தானுக்குத் தேநீர் போட்டேன். அவருக்கு இரண்டு கரண்டி சீனி வேண்டும் என்பது நினைவிருந்தது. ஒன்றுதான் போட்டேன்.