இரண்டாயிரத்து இருநூறு நாற்றும் திருப்பதி லட்டும்

என் மகள் எல்.கே.ஜி படிக்கும் பருத்திப்பட்டுப் பள்ளி வாசலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவளை அழைத்து வரப் போயிருந்தேன். ஆயாம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “பாப்பா, உங்க தாத்தா வந்துகீறாரு பாரு!” எனக்கு முப்பத்தெட்டு வயதுதான்; தலைதான் வழுக்கை. அதைவிட வலித்தது, மகள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் பையை என்னிடம் நீட்டியதுதான்.

ஆண்டு விழாவுக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குள் அப்பாவாகிவிட வேண்டும் என்று அம்பத்தூரில் முடி நடும் டாக்டர் ஒருவரைப் பிடித்தேன். அவர் என் நெற்றியில் பேனாவால் கோடு போட்டு, “ஒரே நாள்ல ரெண்டாயிரத்து இருநூறு கிராஃப்ட் போதும், அதாவது வேரோட எடுத்து நடுற முடி. முன்பக்கம் மட்டும் பண்ணலாம்” என்றார்.

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. “மூவாயிரத்து ஐநூறா போட்டுடுங்க சார். உச்சியையும் சேர்த்து முடிச்சிடலாம்” என்றேன், காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற குரலில்.

“பின்மண்டையில எடுத்துத்தான் முன்னாடி நடுறோம். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. உங்களுக்கு இன்னும் கொட்டும். இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துட்டா, அப்புறம் உச்சிக்கு எங்க போறது?” என்றார் டாக்டர்.

ஒரு வாரம் வீட்டில் இதே சண்டை. நான் மூவாயிரத்து ஐநூறு என்பேன், மனைவி இரண்டாயிரத்து இருநூறு என்பாள். “நாத்து நடப் போறீங்களா, தலையைக் காலி பண்ணப் போறீங்களா?” என்று அவள் கேட்க, நடுவில் உட்கார்ந்து மகள் தோசை தின்பாள். கடைசியில் மனைவிதான் ஜெயித்தாள்.

நடுவதற்கு முன் தலையை மழிப்பார்கள் என்றார்கள். உண்மையைச் சொல்ல வெட்கம். திருப்பதியில் வேண்டுதல் என்று அடுக்குமாடி முழுக்கச் சொல்லி வைத்தேன். அப்படியொரு புத்திசாலி நான். திருப்பதி போய் வந்தவன் லட்டு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிற்று. நட்டு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா கேட்ட பிறகு, மனைவியை ஆவடிக் கடையில் லட்டு வாங்கி வரச்சொல்லி, உதிர்த்துக் காகிதத்தில் மடித்து வீடு வீடாகக் கொடுத்தேன்.

மேல்மாடிக்காரர் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். லட்டை மென்றுகொண்டே என் தலையைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஏழுமலையான் உனுக்கு மட்டும் புள்ளி வெச்சி மொட்ட அடிச்சாரா? எத்தினி கிராஃப்ட்டு?”

சொன்னேன்.

“பொயச்ச. நான் ஒரே நாள்ல நாலாயிரம் புடுங்கிகினேன். பின்னாடி பாரு.” குனிந்து காட்டினார். எலி கடித்த பிரஷ் மாதிரி இருந்தது. அன்றைக்கு மனைவிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு மாதத்தில் நட்டதெல்லாம் உதிர்ந்தது. உதிர்ந்துதான் மறுபடி வளரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும், குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். ஆண்டு விழா வந்தபோது தலையில் இருந்தது வெறும் பூனை முடி.

ஆயாம்மாவுக்கு என் நான்கு மாதப் பாடு எதுவும் கண்ணில் படவில்லை. “தாத்தாவுக்கு ஒரு சேர் போடுங்கபா!” என்றார்.

வண்ணத்துப்பூச்சி இறக்கையோடு வரிசையில் நின்ற மகள் வெடித்துவிட்டாள். “தாத்தா இல்ல, எங்கப்பா! ரெண்டாயிரத்து இருநூறு நாத்து நட்டிருக்காரு! மிச்சம் அப்புறமா நடுவாரு! திருப்பதிக்கெல்லாம் போகவே இல்ல!”

எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும் அதே பள்ளிதான்; லட்டு தின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று. ஆனால் ‘எங்கப்பா’ என்று அவள் கத்தியதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆயாம்மா போட்ட நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்து, எல்லோருக்கும் தலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.