முட்டை விலைக்கு முன்னால் வந்த செய்தி

நாமக்கல்லில் நான் விடுதியில் தங்கிப் படித்த பள்ளியில், காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது என் வேலை. உலகச் செய்தி முதலில், அன்றைய முட்டை விலை கடைசியில். வகுப்பில் பாதிப் பேர் கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள். விலை வரும்வரை எல்லாரும் தலையைக் குனிந்து, அன்றைய தேர்வுக்கான மனப்பாடச் செய்யுளை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள், போர் நடக்கும் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்ததை வாசித்தேன். காலையில் வரிசையில் நின்றிருந்த பிள்ளைகள் செத்திருந்தார்கள். ஒரு தலையும் நிமிரவில்லை. என் குரலும் தடுமாறவில்லை. விளையாட்டு வாத்தியார் மட்டும், "மைக்கைக் கிட்ட வைம்மா" என்றார்.

அந்தச் சண்டையால் வளைகுடாவுக்கு முட்டை ஏற்றிய கப்பல் போகவில்லை, விலை இறங்கிவிட்டது என்று வாசித்ததும் மொத்த வரிசையும் நிமிர்ந்தது.

கூட்டம் கலையும்போது, பண்ணைக்காரர் மகள் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்புள்ள, சண்டை எப்ப நிக்குமாம்?"

"அது பேப்பர்ல போடலை" என்றேன்.

தேர்வுக்கு மணி அடித்தது. அங்கே படித்த இரண்டு வருஷத்தில், உலகத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.