ரீசெட் பட்டனில் ஒரு கட்டைவிரல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் கெஞ்ச எனக்கு நேரமில்லை. என் கண்ணால் பார்த்தது இது.

வீடு வீடாகப் போய் நெட் லைன் சரிபார்ப்பது என் வேலை. பெரிய படிப்பெல்லாம் படித்திருப்பார்கள், ரவுட்டரில் எந்த விளக்கு எதற்கென்று தெரியாது. பச்சை எரிந்தால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் லைன் போச்சு. வைஃபை விளக்கு துடித்தால் யாரோ நெட்டில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்குப் போய் ஒப்பாரி வைப்பார்கள்.

ஆபீஸில் போன் எடுப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சமாளி'. யார் கூப்பிட்டாலும் ஒரே வசனம்தான். "பின்னாடி ரீசெட் பட்டன் இருக்குல்ல? ஆள் வர்ற வரைக்கும் அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க." அதனால் ஒரு புண்ணாக்கும் சரியாகாது. ஆனால் அந்த மடையர்கள் மறுபடி போன் பண்ணாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அன்று மழை பெய்த மதியம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. எட்டு மாசமா வேலை இல்ல. இதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான். ரவுட்டர் லைட்டெல்லாம் மொத்தமா அணைஞ்சு மொத்தமா எரியுது."

"யாராவது ரீசெட் பட்டனை அமுக்கினாத்தான் அப்படி ஆகும். வீட்ல வாண்டு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப நீங்களேதான் அமுக்கியிருப்பீங்க."

இதுகளெல்லாம் வேலைக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது என்று நினைத்துக்கொண்டேன். ரவுட்டர் அலமாரி உச்சியில் இருந்தது. விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கிளம்பினேன்.

வாசலைத் தாண்டினேன்.

டக்.

"அண்ணா!"

திரும்பி ஓடினேன். எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது... யார் கையும் அதன்மேல் இல்லை.

நான் பார்க்கப் பார்க்க, மெல்ல எழும்பி வெளியே வந்தது.

விளக்குகள் எரிந்தன.

"போயிடாதீங்கண்ணா..."

பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் நக்கலடிக்கிறவன் நான். இன்டர்வியூ முடியும்வரை மூலையில் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் ஒரு நொடிகூட அறுபடவில்லை.

வேறு ரவுட்டர் மாட்டிவிட்டு, பழையதைப் பையில் போட்டேன். வயர் இல்லை. கரண்ட் இல்லை. படியிறங்கும்போது பைக்குள்...

பச்சை வெளிச்சம்.

திரும்பி வரும் பெட்டியைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதைச் சமாளியின் மேசையில் வைத்தேன்.

"இது முன்னாடி யார் வீட்ல இருந்துச்சு?"

அடியிலிருந்த நம்பரைப் பார்த்தான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"ஒரு தையல்காரர். தனியா இருந்தவரு. நெட் வரலன்னாரு. வழக்கமா சொல்றதைச் சொன்னேன்."

"யாரு போனது?"

"யாரும் போகல."

"அப்புறம்?"

"நாலு நாள் கழிச்சுக் கதவை உடைச்சாங்க. மாரடைப்பாம். இந்தப் பெட்டிக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தாரு. பட்டன்லேருந்து கட்டைவிரலைப் பிரிக்கவே முடியலையாம்..."

நான் வாசலுக்கு ஓடினேன்.

பின்னால்...

டக்.