ஆயுத பூஜையன்று கிளம்பாத கார்

எனக்கு மறதியே கிடையாது என்று பீற்றிக்கொள்பவள் நான். யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள், கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவள், அப்பாவின் காரிலிருந்து, எஞ்சினைக் கிளப்புகிற காயில் வயரைக் கழற்றி ஒளித்துவைத்தபோது நாலு நாளில் ஆயுத பூஜை வருகிறது என்பதைச் சுத்தமாக மறந்துபோனேன். புத்தி கெட்டவள், வேறென்ன சொல்ல!

ஏன் கழற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா திருவெறும்பூரில் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வுபெற்று இருபது வருஷமாகிறது, இப்போது ஸ்ரீரங்கத்தில் என்னோடுதான் அவரும் அம்மாவும். அந்த வாரம் பாலக்கரையில் ஒரு நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானம்வரை ஆளைக் காணோம். கடைசியில் தொழிற்சாலை வாசலிலிருந்து காவலாளி ஒருவர் எனக்குப் போன் செய்தார். அப்பாவின் பர்ஸில் என் நம்பர் இருந்ததாம்.

"ஐயா இங்க வாசல்ல நின்னு, ஷிஃப்டுக்கு வந்திருக்கேன், உள்ள விடுங்கன்னு சத்தம் போடுறாங்கம்மா. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

ஆட்டோ பிடித்துப் போய், காரை நானே ஓட்டி அவரைக் கூட்டிவந்தேன். இடதுபக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதில் இடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. யார்மேல் இடித்தாரோ, யார் வீட்டுப் பிள்ளையோ என்று எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

டாக்டர் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் மட்டும் சொன்னார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வண்டி ஓட்ட விடாதீங்க. அதை அப்பாவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவந்தோம். சாவியைக் கேட்டால் வீடு ரெண்டுபடும். அதனால்தான் வயரில் கைவைத்தேன்.

எஞ்சினுக்கு நெருப்புக் கொண்டுபோகிற தடித்த கறுப்பு வயர் அது. பானட்டைத் தூக்கினால் நேரே கண்ணில் படும். குடும்பத்தோடு ரயிலில் வெளியூர் போகும்போதெல்லாம், திருடன் ஓட்டிக்கொண்டு போய்விடாமல் இருக்க அப்பாவே அதைக் கழற்றிப் பீரோவில் வைப்பார். எனக்குக் கழற்றத் தெரிந்ததே அவரைப் பார்த்துத்தான். எப்படியும் ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து என்னைத் திட்டுவார், திட்டட்டும், அப்போது உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் நாலு நாளும் அவர் காரை எடுக்கவே இல்லை.

ஆயுத பூஜையன்று காலையிலேயே காரைக் கழுவிவிட்டார். அம்மா சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் அணைவதற்குள் வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. வருஷா வருஷம் அப்படித்தான். அவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயையோ!

எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது. கற்பூரம் அணைந்துபோனது. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

அப்பா இறங்கிப் பானட்டைத் திறந்தார். ஹாரன் அடித்துப் பார்த்து, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றார். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி முகர்ந்து, அதுவும் வருகிறது என்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், பூஜையில் வைத்திருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்று ஒரு ஸ்குரூ டிரைவருக்காக என்னை அடித்த மனுஷன்!

குங்குமப் பொட்டோடு இருந்த ஸ்பானரால் பிளக்கைக் கழற்றினார், உப்புத்தாளில் தேய்த்தார், மாட்டினார். சாவியைத் திருப்பினார். கிளம்பவில்லை. திரும்பவும் அதே பிளக்கைக் கழற்றினார், தேய்த்தார். மூன்றாவது தடவையும் அதையே. அந்த வயர் இருக்கவேண்டிய ஓட்டை அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பாருங்கப்பா, அங்க பாருங்க என்று எனக்குள் கத்திக்கொண்டே நின்றேன்.

எதிர்வீட்டுக்காரர் வந்து, "மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னா இன்னைக்கு எவனும் கடை திறக்கமாட்டானே" என்று அவர் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா திருஷ்டி என்றாள். வெயில் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எஞ்சினையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என் கை போச்சும்மா" என்றார். "ஒண்ணும் பிடிபடல."

இதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னால் வயரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், எங்கேயாவது போய் மோதுவார். சொல்லாவிட்டால் கண்ணெதிரே இப்படி நொறுங்கிக்கொண்டிருப்பார். உள்ளே போய், புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த வயரைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"நான்தாம்ப்பா கழட்டினேன். நீங்க ஓட்டக் கூடாதுன்னு."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வயரைப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரமா எஞ்சின் முன்னாடியே நிக்கிறேன். இது இல்லைங்கறதே எனக்குத் தெரியலையே."

ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்த மாத்திரை இதுக்குத்தானா?"

"ஆமாம்ப்பா."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"உங்க அம்மாவுக்கு?"

"தெரியும்."

வாசல்படியில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

"என் தலைக்குள்ள நடக்குறதை, என்கிட்ட மட்டும் சொல்லலையா?" என்று கேட்டார்.