மெட்டில்டா டீச்சர் கட்டிய கக்கூஸ்

பெருங்களத்தூரிலிருந்து தினமும் ரயிலேறித் தாம்பரம் சபைப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும் மெட்டில்டா டீச்சர், 1967-இல் கமிட்டியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ். அது இல்லாமல், மத்தியானம் வீட்டுக்குப் போகிற பெரிய பெண்கள் திரும்பி வருவதே இல்லை. ஏழாம் வகுப்பு கங்கையம்மாளின் அப்பா ஜெயவேலு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"வயசுக்கு வந்த பொண்ணு டீச்சர். ஜூன்ல ஸ்கூல் தொறக்கசொல்ல கக்கூஸ் இருந்தா அனுப்பறேன். இல்லாங்காட்டி வூட்லயே இருக்கட்டும்."

கங்கையம்மாள் கணக்கில் புலி. டீச்சருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கமிட்டிக்காரர்கள் நல்லவர்கள்தான், தொல்லையே அதுதான்! அந்தச் சபையில் யார் எதைக் கொடுத்தாலும் 'இன்னாரின் நினைவாக' என்று பேர் பொறிக்கவேண்டும். பெஞ்சு, ஃபேன், ஹார்மோனியம் எதுவும் தப்பவில்லை. கக்கூஸில் எந்த மகராசன் தன் அப்பா பேரைப் பொறிப்பான்? "கூடவே ஒரு மேடை கட்டிடலாம், எங்க டாடி நினைவா" என்றார் தலைவர் சத்தியநாதன். மெம்பர் தனசிங் மணிக்கூண்டு என்றார். ரத்தினபாய் அம்மாள் தண்ணீர்த்தொட்டி என்றார். ஏப்ரல் முடியும்போது மேடைக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கக்கூஸுக்குக் குழிகூட வெட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் விருட்டென்று எழுந்தார். "மேடை வேணும், மணிக்கூண்டு வேணும், எல்லாம் வேணும் சார். கக்கூஸ் முடியறவரைக்கும் வேற எதுக்கும் ஒரு செங்கல் வைக்கக்கூடாது."

"அதுக்கு யார் பேரை டீச்சர் போடறது?" சத்தியநாதன் நெளிந்தார்.

"எங்க அப்பா பேரைப் போடுங்க. அசரியா உபதேசியார் நினைவாக."

அங்கிருந்த பாதிப் பேருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த மனுஷர் அவர். தனசிங் பதறிப்போனார். "ஐயையோ, அவர் பேரையா!"

"அவர் இருந்திருந்தா மண்வெட்டியோட வந்திருப்பார் சார்" என்றார் டீச்சர்.

மறுநாள் மேடைக்கு இறக்கிய செங்கலையெல்லாம் கக்கூஸ் கட்டச் சொல்லிக் கொத்தனார் குப்புராஜிடம் சத்தியநாதனே கொடுத்துவிட்டார்.

ஜூனில் ஜெயவேலு மகளோடு வந்தார். கக்கூஸ் வாசலுக்கு மேலே 'அசரியா உபதேசியார் நினைவாக' என்று பொறித்திருந்தது. கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். "நல்லா கீது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கங்கையம்மாள் எழுந்து, சங்கோஜமே இல்லாமல் கேட்டாள்.

"டீச்சர், உபதேசியார்கிட்ட போய்ட்டு வரட்டுமா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "போய்ட்டு சீக்கிரம் வாடி என் தங்கமே, அடுத்த கணக்கு உனக்குத்தான்."