சுங்கைப்பட்டாணியில் ஒரு மீட்டர் எண்பது

போன மாதம் ஒரு சனிக்கிழமை கெடா மாநிலத்துக்குப் போனேன். கோயிலுக்கா, சாப்பாட்டுக்கா என்று கேட்காதீர்கள். உயரம் தாண்டும் தமயந்தியைப் பார்க்கத்தான்! பாடாங் மேஹா தோட்டத்துப் பெண். பேங்காக், மணிலா, டோஹா என்று மலேசிய நாட்டுக்காகப் பாய்ந்தவர். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வயது முப்பத்திரண்டு. அன்று சுங்கைப்பட்டாணித் திடலில் தேர்வுப் போட்டி. ஒரு மீட்டர் எண்பது தாண்டினால் நாட்டு அணியில் இடம். இல்லையென்றால் அன்றோடு விடுகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

பட்டர்வொர்த்தில் காலை ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சுங்கைப்பட்டாணி. நேராகத் திடலுக்குப் போகிறவளா நான்? அவர் வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தைந்து வெள்ளிக்கு டாக்சி பிடித்துப் பாடாங் மேஹா போனேன். செம்பனை, கோயில், ஒரு சாப்பாட்டுக் கடை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு வெள்ளி ஐம்பது காசு, சம்பல் பிரமாதம். கடை வாசலில் தோட்டத்து ஆட்களோடு திடலுக்குப் போகும் பேருந்து நின்றது. ஓட்டுநர் சேகர் அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டார், காசு வாங்கவில்லை. பின் இருக்கை முழுக்க உறுமியும் தப்பும்.

“என்னாண்ணே, திருவிழாவா?”

“பாயறதுக்கு முன்னாடி தமயந்தி கை தட்டச் சொல்லும்லா? வெளிநாட்டுல எல்லாம் தட்டுவாங்க. நம்ம ஊருல சும்மா கை தட்டுனா நல்லாவா இருக்கு? மேளமே அடிச்சிருவோம்லா!”

திடலில் ஒரு மீட்டர் எழுபத்தைந்து வரை தமயந்திக்கு ஒரு குறையும் இல்லை. எண்பதுக்குக் கம்பியை ஏற்றினார்கள். தமயந்தி கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். மேளம் பிடித்துக்கொண்டது. அவர் ஓட ஓட அடியும் வேகமானது, காவடி எடுப்பவரை உசுப்புவார்களே, அதே மாதிரி. காலடி குழம்பி, கம்பிக்கு ரொம்பக் கிட்டப் போய் எம்பினார். கம்பி விழுந்தது. இன்னும் பலமாக அடித்தால் தாண்டிவிடுவார் என்று இவர்களுக்கு நினைப்பு! இரண்டாம் முறையும் விழுந்தது. எனக்குப் பின்னால் ஓர் அக்காவுக்குச் சாமியே வந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். “அண்ணே, நிறுத்துங்க! நீங்கதான் அவங்கள ஓட வுடல!” என்று கத்தினேன்.

“நம்ம பிள்ளைக்கு நாங்க அடிக்காம யாரு அடிப்பா?” என்று சேகர் அண்ணனும் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றில் மிச்சம் ஒரே வாய்ப்பு. ஒன்றரை நிமிடத்துக்குள் பாய்ந்தாக வேண்டும். கடிகாரம் ஓடும்போதே தமயந்தி எங்கள் பக்கம் வேலி வரைக்கும் வந்தார்.

“அண்ணே, சாமி வர்ற அடி வேணாம்ணே. தேர் நவுறப்ப அடிப்பீங்கல்ல, அது போதும். நான் வேகமா வருவேன். நீங்க வேகமா வராதீங்க.”

சேகர் அண்ணன் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தாளம் நிதானமாக எழுந்தது. தமயந்தி பத்து எட்டு எடுத்து வைத்தார், கடைசி நாலு எட்டும் வளைவில். எம்பினார். முதுகு கம்பிக்கு மேலே போனது, குதிகாலும் போனது. கம்பி அசையவே இல்லை! நடுவரின் வெள்ளைக் கொடி ஏறியது. குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சேகர் அண்ணன் அழுதார். நானும்தான், வெட்கமென்ன?

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. திடலில் மேற்குப் பக்கம் உட்காருங்கள், மதியத்தில் நிழல் அங்கேதான். குடையும் தண்ணீரும் கட்டாயம். மாலை ரயில் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். நான் கிளம்பவில்லை. தமயந்திக்கு இடம் உறுதி, முட்டியும் பத்திரம், அவர் போய் உட்காரலாம். போதுமா என்று நடுவர் மலாயில் கேட்டார். தமயந்தி கம்பியை அண்ணாந்து பார்த்தார், முட்டி கெடுவதற்கு முன்கூட ஒருமுறையும் தாண்டாத உயரத்தைச் சொல்லி, ஏற்றச் சொன்னார்.