அங்குலத்துக்கு இருபத்திரண்டு

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகிலுள்ள உப தபாற் கந்தோரில் காலைக் கடிதங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த குணமணி, ஒரு நீள உறையில் தன் பெயரையே கண்டாள். பதினொரு வருடமாக ஊராரின் கடிதங்களை அடுக்கிய கை, தன்னுடையதைக் கிழிக்கத் தெரியாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தது.

கொழும்பில் நடக்கப்போகும் கைத்தறிக் கண்காட்சிக்கு, பாதி நெய்தபோதே அவள் படம் எடுத்து அனுப்பியிருந்த சுவர்த்துணி தெரிவாகியிருந்தது. துணிகளை மாட்டும் மரச்சட்டங்கள் செய்து முடிந்துவிட்டதால் துணி ஐந்தடி நீளம் இருக்கவேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. பதின்மூன்று நாளில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் ஒப்படைக்கவேண்டும். கடைசி வரியை அவள் மூன்று தரம் வாசித்தாள். துணியின் பக்கத்தில் நெய்தவர் பெயர் எழுதப்படும்.

கந்தோர் வேலை கிடைக்கும்வரை நெசவு நிலையத்தில் அவள் நெய்த, ஆண்கள் உடுக்கும் சாரங்களும் படுக்கை விரிப்புகளும் நிலையத்தின் முத்திரையோடுதான் எங்கெங்கோ போயின. ஒன்றிலும் குணமணி இல்லை. படம் நெய்ய அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்து, ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஒரு வரிசை நூல் என்று கணக்கு வைத்து, பிழைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தானே பிடித்துக்கொண்ட வித்தை அது. பஸ்ஸில் போகும்போது துறைமுகத்தில் தினமும் கண்ட கோதுமைக் கப்பலைத்தான் நெய்துகொண்டிருந்தாள். நாலடி முடிந்திருந்தது. சிவப்பு வயிறும் கடலும் வந்துவிட்டன; மேல்தட்டும் வானமும் மிச்சம்.

அன்றே பன்னிரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"இனி நீ குசினிப் பக்கம் காலடி வைக்கப்படாது," என்றான் ஓட்டோ ஓட்டும் கணவன் வீரக்குட்டி. "கொழும்புக்காரி நெய்யட்டும். ஓட்டோக்காரன் சமைப்பான்."

மகள் விதுசா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போனாள். பின்னேரம் கதைக்க வரும் பக்கத்து வீட்டு ஸல்ஹாவை வீரக்குட்டி வாசலிலேயே மறித்தான். வீடு கோயில்போல அமைதியானது. குணமணி வீட்டு மூலையில் இருந்த தறியில் ஏறினாள். நூல் சுற்றிய நாடா இழைகளுக்கிடையே பறந்தது. நூலை நெருக்கும் அச்சுப்பலகையை இழுத்து அவள் அடித்த ஒவ்வொரு அடியிலும் கொழும்புச் சுவர் ஒன்று கண்ணுக்குள் வந்தது. தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே நெய்தாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் எண்ணிப் பார்த்தாள். எண்பத்தெட்டு வரிசை. முடிந்த நாலடியில் அங்குலத்துக்கு இருபத்திரண்டு வரிசை. ஆகவே நாலு அங்குலம் இருக்கவேண்டும். அடிக்கோலை வைத்தாள். மூன்றேகால்தான் இருந்தது.

விதுசா எட்டிப் பார்த்தாள். "அம்மா, கப்பலுக்கு மேல ஆரோ ஏறிக் குந்தின மாதிரிக் கிடக்கு."

"வாயை மூடடி," என்றாலும் அவளுக்கும் அது தெரிந்தது. சந்தோசம் கைக்குள் இறங்கி அடியை இறுக்கிவிட்டது. இப்படியே போனால் தாளில் உள்ள வரிசைகள் முடியும்போது துணி இரண்டு அங்குலத்துக்கு மேல் குறையும், சட்டத்துக்குள் நிற்காது. எண்பத்தெட்டு வரிசையையும் பிரித்தாள். அடுத்த நாள் மெல்ல அடிக்கப் பழகினாள். இப்போது பதினெட்டு வரிசையிலேயே ஒரு அங்குலம் முடிந்தது. வெளிச்சம் துணிக்கூடாக வந்தது. அதையும் பிரித்தாள். கையைப் பார்க்கப் பார்க்கக் கை சொல்வழி கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை குசினியிலிருந்து கருகல் மணம் வந்தது.

"இஞ்சாருங்கோ! என்ன எரியுது?"

"ஒண்டும் எரியேல்ல," என்றான் வீரக்குட்டி இருமிக்கொண்டு. "சூரை மீன். கொஞ்சம் கூட முறுகிப்போச்சு."

"அது மீனோ கரியோ? விலகுங்கோ அங்கால!"

வேறு சட்டியில் புளி கரைத்தாள். அது கொதிக்கும்வரை சும்மா நிற்க மனம் வராமல் தறிக்கு வந்து பத்து வரிசை ஓட்டினாள். எழுந்து தேங்காய் துருவினாள். பிறகு பதினைந்து வரிசை. மறித்தும் நில்லாமல் ஸல்ஹா உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"என்ன குணமக்கா, நாலு நாளா உங்கட வாசல்ல பொலிஸ் காவலா?"

குணமணி சிரித்தாள், பதில் சொன்னாள், சட்டியை மணந்துகொண்டே நாடாவை ஓட்டினாள். மதியம் சோறு போட்டுவிட்டு வந்து அளந்தாள். எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"இருபத்திரண்டு!" என்று கத்தினாள். "ஸல்ஹா, இஞ்ச வந்து எண்ணு. இருபத்திரண்டு!"

அந்த நாலடியும் இப்படித்தான் வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாதிக் காது அடுப்பில், பாதிக் காது மகளின் பாடத்தில் இருக்கும்போது, கை தன் பாட்டில் தன் வேலையைச் செய்யும். எல்லாரும் விலகி இடம் விட்டால் கைக்குப் பதற்றம் வந்துவிடுகிறது.

"குசினி இனி என்ர," என்று வீரக்குட்டியிடம் சொன்னாள். "நீங்கள் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடுங்கோ. விதுசா, நீ இஞ்சயே இருந்து படி. சத்தமாப் படி."

"நேற்று மூச்சு விடாத எண்டீங்கள்!"

"இண்டைக்கு விடு. நல்லா விடு."

அடுத்த ஏழு நாளும் அந்த வீட்டில் பாடமும் தாளிப்பும் ஊர்க் கதையும் தறிச்சத்தமும் ஒன்றாகக் கிடந்தன. மேல்தட்டு நிமிர்ந்தது, பாரந்தூக்கி எழுந்தது, வானம் நீலமாகி வெளிறியது. ஒப்படைக்கும் நாள் விடிகிற நேரம் கடைசி வரிசை விழுந்தது. அவள் துணியை வெட்டி எடுத்தபோது வீரக்குட்டி ஓட்டோவை ஏற்கெனவே இயக்கிவிட்டான்.

கச்சேரியில் இருந்த இளைஞன் துணியை மேசையில் விரித்து அளவு நாடாவால் அளந்தான். குணமணி துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

"ஐஞ்சடி. கால் அங்குலம் கூட. பரவாயில்ல," என்றான். பெயர் எழுதும் அட்டையை எடுத்தான். "எந்த நிலையம் எண்டு போட அக்கா?"

"நிலையம் இல்ல தம்பி. நெய்தது நான். வீரக்குட்டி குணமணி."

அவன் எழுதினான். அவள் மேசைக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். பார்த்தது போதவில்லை.

"கொஞ்சம் பெரிசா எழுதுங்கோ தம்பி," என்றாள். "தூரத்தில நிண்டு பாக்கிற ஆக்களுக்கும் தெரியவேணும்."